பாட்டில் பிறக்கும் பாத்திரங்கள்

(இரண்டாமாண்டு, இளம் அறிவியல், இயற்பியல்)

இயற்பியல் படிப்பவனுக்குக் கதை எழுதும் கலையைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஊசலையும் அலைவு நேரத்தையும் பற்றி எழுத வேண்டிய நான் இந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்ததற்கு என் தங்கைதான் காரணம். அவள் ஒன்பதாம் வகுப்பு முடித்தவள். சென்ற கோடை விடுமுறையில் அவளும் அவள் தோழர் தோழியர் நால்வரும், "அண்ணே, கதை எழுதச் சொல்லிக் கொடு" என்று எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்கள். அங்கே நான் கற்பித்தது கொஞ்சம், கற்றுக்கொண்டது அதிகம். அதையே இங்கு எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கீரமங்கலம். மல்லிகை, முல்லை, கனகாம்பரம், சம்பங்கி என்று பூவுக்குப் பெயர்பெற்ற ஊர். சங்கப் புலவர் நக்கீரரின் பெயரால் அமைந்த ஊர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சிவன் கோயிலில் அவருக்குச் சிலையும் உண்டு. இறைவன் பாட்டிலேயே குற்றம் கண்ட அந்தப் புலவர், என் முன்னே வைக்கப்பட்ட ஐந்து கதைகளையும் படித்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

ஐந்திலும் ஒரு சிறுவன் இருந்தான். அவன் ஏழை, ஆனால் நல்லவன். வழியில் பணப்பை கிடைத்தது, உரியவரிடம் கொடுத்தான், பரிசு பெற்றான். ஒன்றில் ராமு, மற்றொன்றில் சோமு, மூன்றாவதில் மறுபடியும் ராமு. பெயர்களை இடம் மாற்றி வைத்தாலும் கதைக்கு ஒரு கேடும் வராது. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பள்ளி நாட்களில் நானும் ராமுவைத்தான் எழுதினேன். சொந்தமாக ஒருமுறை எழுதியபோது, "நோட்ஸில் உள்ளபடி எழுது, வம்பு வேண்டாம்" என்ற அறிவுரைதான் கிடைத்தது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி மிதித்தவன் நான்தான் முதல். கதை என்பது எங்கள் வீட்டைப் போன்ற வீடுகளில் நடக்காது, அச்சடித்த புத்தகத்தில்தான் நடக்கும் என்று நெடுநாள் நம்பியிருந்தேன்.

பாத்திரம் என்றால் என்ன?

"கதைக்குப் பாத்திரப் படைப்பு முக்கியம்" என்று தொடங்கினேன்.

"பாத்திரம்னா அண்டா குண்டாவா அண்ணே?" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் யோசித்தேன். அவன் கேட்டதில் தவறில்லை. உள்ளே ஏதாவது இருந்தால்தான் பாத்திரத்துக்குப் பயன். ராமு வெறும் பாத்திரம். அவனுக்குள் ஒன்றுமே இல்லை. "நல்லவன்" என்று வெளியே பெயர் மட்டும் பொறித்திருக்கிறது.

கதையில் வரும் ஒருவர் உயிருள்ளவராகத் தோன்ற வேண்டுமானால், அவருக்கு ஓர் ஆசை வேண்டும். ஓர் அச்சம் வேண்டும். பிறரிடம் காட்டாமல் மறைக்கும் ஒன்று வேண்டும். கதை முடியும்போது அவர் தொடங்கிய இடத்திலேயே நிற்காமல் சிறிதாவது மாறியிருக்கவும் வேண்டும். இதைத்தான் பாத்திர வளர்ச்சி என்கிறோம். இதையெல்லாம் சூத்திரம் போலச் சொல்லி, நோட்டில் எழுதவும் வைத்தேன். மறுநாள் கதைகள் வந்தன. "ராமுவுக்கு ஓர் ஆசை இருந்தது. அவனுக்கு ஓர் அச்சமும் இருந்தது." அவ்வளவுதான். என் பாடம் தோற்றது.

விடிய விடிய நடந்த பாடம்

அந்த வாரம் பக்கத்துக் கிராமத்தில் அம்மன் கோயில் திருவிழா. இரவு பத்து மணிக்கு மேல் 'வள்ளி திருமணம்' நாடகம். ஐந்து பேரையும் அழைத்துக்கொண்டு போனேன்.

இந்த இசை நாடகங்களுக்கு வடிவம் கொடுத்தவர்களில் தலையாயவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922). 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கிச் சிறுவர்களைப் பயிற்றி, நாடகத்தையே பள்ளிக்கூடமாக நடத்தியவர் அவர். அவருடைய நாடகங்கள் இன்றும் நம் பகுதித் திருவிழாக்களில் 'ஸ்பெஷல் நாடக'மாக நடைபெறுகின்றன. இதில் நடிகர்கள் ஒரே குழுவைச் சேர்ந்தவர்கள் அல்லர். வள்ளி ஓர் ஊரிலிருந்து, நாரதர் வேறோர் ஊரிலிருந்து என்று தனித்தனியே பேசி வரவழைப்பார்கள். சேர்ந்து ஒத்திகை பார்ப்பதும் கிடையாது. மேடையில்தான் ஒருவரையொருவர் சந்திப்பார்கள். அப்படியிருந்தும் விடியும்வரை நாடகம் பிசகாமல் நடக்கிறது. எப்படி?

பாட்டுதான் காரணம் என்பது அன்றிரவு எனக்கு விளங்கியது. நாரதர் வேடக்காரர் மேடைக்கு வருமுன்பே உள்ளிருந்து குரல் எடுத்தார். ஆளைப் பார்க்காமலேயே என் பக்கத்தில் இருந்த பாட்டி, "வந்துட்டாருடா கலகக்காரரு" என்றார். வள்ளி தினைப்புனத்தில் ஆலோலம் பாடிப் பறவைகளை விரட்டும்போது, காவல் காக்கிற பெண்ணின் கண்டிப்பும், தனியே இருக்கும் இளம்பெண்ணின் துள்ளலும் ஒரே குரலில் வந்தன. முருகன் வேடனாக வரும்போது பாடும் பாட்டு வேறு. கிழவனாக வரும்போது பாடும் பாட்டு வேறு. வேடம் மாறியதை உடை சொல்வதற்கு முன்னே ஆர்மோனியமும் மிருதங்கமும் சொல்லிவிட்டன. ஆனால் கிழவன் தள்ளாடிப் பாடும்போது, குரலுக்கு நடுவே ஒரு கணம் இளமை எட்டிப் பார்த்தது. கூட்டம் சிரித்தது. மறைத்து வைத்த ஒன்று பாட்டில் வெளிப்பட்டுவிட்டது. திண்ணையில் நான் சூத்திரமாகச் சொல்லித் தோற்றது இதைத்தானே!

முன்னோர் கண்ட வழி

இது நாடகமேடை மட்டும் கண்ட உண்மை அன்று. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே சொல்கிறது. மனிதர் வாழும் நிலத்தைக் காட்ட வேண்டுமானால் அவர்களுடைய இசையையும் காட்ட வேண்டும் என்பது தமிழர் கண்ட இலக்கணம்.

சிலப்பதிகாரத்தின் கானல்வரியை எண்ணிப் பாருங்கள். புகார்க் கடற்கரையில் மாதவி யாழைக் கோவலனிடம் தருகிறாள். அவன் பாடுகிறான். அந்தப் பாட்டில் வேறொரு பெண்ணின் நினைவு இருப்பதாக அவளுக்குத் தோன்றுகிறது. அவள் யாழை வாங்கி, தனக்கும் வேறு நினைவு இருப்பதுபோலப் பாடுகிறாள். அவ்வளவுதான். கோவலன் எழுந்து போய்விடுகிறான். இருவரும் நேருக்கு நேர் சண்டையிடவில்லை. ஒருவரையொருவர் கேட்டுத் தெளியவும் இல்லை. அவனுடைய அவசரமும் அவளுடைய தன்மானமும் பாட்டின் வழியே மோதிக்கொண்டன. காப்பியத்தின் போக்கே அங்கே திரும்புகிறது. "கோவலன் அவசரக்காரன்" என்று இளங்கோவடிகள் எழுதிக் காட்டியிருந்தால் அது நம் ராமு கதையாகப் போயிருக்கும்.

வெளிநாட்டிலும் இந்த வழியைப் பிள்ளைகளுக்காகவே கையாண்டிருக்கிறார்கள். ருஷ்ய இசையமைப்பாளர் புரோகோஃபீவ் 1936-இல் 'பீட்டரும் ஓநாயும்' என்ற இசைக்கதையை அமைத்தார். அதில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வாத்தியம். பறவைக்குப் புல்லாங்குழல்; வாத்துக்கு ஓபோ; பூனைக்குக் கிளாரினெட்; தாத்தாவுக்குத் தடித்த குரலுள்ள பஸூன்; ஓநாய்க்கு மூன்று கொம்பு வாத்தியங்கள்; சிறுவன் பீட்டருக்கு வயலின் முதலிய தந்தி வாத்தியங்கள். ஓநாய் வாத்தை விழுங்கிவிடுகிறது. ஆனால் கதை முடிவில் ஓபோவின் ஒலி மெல்லக் கேட்கிறது. வாத்து ஓநாயின் வயிற்றுக்குள் உயிரோடு இருக்கிறது என்பதைக் குழந்தைகள் காதாலேயே அறிந்துகொள்கிறார்கள்.

இவ்வளவு தூரம் போவானேன்? டி.எம். சௌந்தரராஜன் எம்.ஜி.ஆருக்கும் பாடினார், சிவாஜிக்கும் பாடினார். இருவருக்கும் ஒரே குரலிலா பாடினார்? நான் சிறுவனாக இருந்தபோது வானொலியில் பாட்டுத் தொடங்கியதும் என் தந்தையார் கண்ணை மூடிக்கொண்டு, "இது சிவாஜிக்கு" என்றோ, "இது வாத்தியாருக்கு" என்றோ சொல்வார். படத்தைப் பார்த்திராத பாட்டுக்கும் சொல்வார். தவறியதே இல்லை.

திண்ணையில் செய்து பார்த்தது

நாடகம் பார்த்து வந்த மறுநாள் பாடத்தை மாற்றினேன். முதலில் கைப்பேசியில் சினிமாப் பாட்டுகளைப் போட்டு, "இதைப் பாடுகிறவர் எப்படிப்பட்டவர், எழுதுங்கள்" என்றேன். இதுவும் தோல்விதான். எல்லோரும் அந்தப் படத்தின் கதாநாயகனையே எழுதினார்கள். சினிமாப் பாட்டு தனியே வருவதில்லை, ஒரு முகத்தையும் சேர்த்தே கொண்டு வருகிறது. இதைச் செய்ய நினைக்கும் ஆசிரியர்கள் நினைவில் வைக்க வேண்டிய முதல் எச்சரிக்கை இது.

ஆகவே சொல்லும் முகமும் இல்லாத வெறும் வாத்தியத்துக்குப் போனோம். தவில், நாதஸ்வரம், உறுமி, தப்பு, புல்லாங்குழல் என்று ஒவ்வொன்றையும் கேட்கச் செய்து, "உங்கள் வீட்டில் இருப்பவர்களை ஒரு வாத்தியமாகச் சொல்லுங்கள்; ஏன் என்றும் சொல்லுங்கள்" என்றேன்.

"எங்க அப்பத்தா உறுமி. கோவம் இல்லாட்டியும் உறுமிக்கிட்டேதான் இருக்கும்."

"எங்க மாமா தவிலு. வீட்டுக்குள்ள அடங்காது."

"எங்க சித்தி ஜால்ரா. யாரு பேசினாலும் கூடச் சேர்ந்துக்கும்."

திண்ணை கலகலத்தது. எப்போதும் பேசாமலிருக்கும் ஒரு பையன் மட்டும் கடைசியாக, "எங்க அம்மா சுருதிப் பெட்டி" என்றான். ஏன் என்று கேட்டேன். "ஓடிக்கிட்டு இருக்கிறப்ப யாருக்கும் தெரியாது. நின்னாத்தான் தெரியும்" என்றான். அவனுடைய தாயார் போன ஆண்டு இரண்டு மாதம் உடல்நலமின்றிப் படுத்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. ராமுவை மூன்று முறை எழுதிய பையன்தான் அவன்.

அடுத்த படியாக, வீட்டில் ஒருவரை மூன்று நாள் கவனிக்கச் சொன்னேன். மூன்றே கேள்விகள் கொடுத்தேன்.

முதலாவது: அவர் என்ன பாட்டுப் பாடுகிறார் அல்லது முணுமுணுக்கிறார்? இது அவருடைய வயதையும், வளர்ந்த சூழலையும், விருப்பத்தையும் சொல்லும்.

இரண்டாவது: எப்போது, யார் இருக்கும்போது பாடுகிறார்? இது அவருக்கு எங்கே மனம் இலேசாகிறது என்பதைச் சொல்லும்.

மூன்றாவது: எங்கே நிறுத்துகிறார்? இதுதான் மிக முக்கியம். பாடிக்கொண்டிருப்பவர் யாரைக் கண்டதும் நிறுத்துகிறார், எந்தப் பேச்சு வந்ததும் நிறுத்துகிறார், எந்த நாளிலிருந்து பாடுவதே இல்லை என்று பாருங்கள். அவருடைய அச்சமும் துயரமும் அந்த இடத்தில்தான் இருக்கும்.

உறுமி அப்பத்தாவின் பேத்தி ஒரு செய்தி கொண்டு வந்தாள். அந்த மூதாட்டி சுற்று வட்டாரத்தில் ஒப்பாரிக்குப் பெயர்போனவர். எந்தத் துக்க வீட்டுக்குப் போனாலும் அவர் குரலெடுத்தால் கல்லும் கரையும். ஆனால் தம் கணவர் இறந்த அன்று அவரால் ஒரு வரி கூடப் பாட முடியவில்லை. மற்றப் பெண்கள் பாட, வாயடைத்து உட்கார்ந்திருந்தாராம். இந்த ஒரு செய்தி போதும் ஒரு சிறுகதைக்கு! "அப்பத்தா தாத்தா மேல் மிகுந்த அன்பு கொண்டவர்" என்று பத்து முறை எழுதினாலும் இந்த வலிமை வருமா?

பாட்டு மாறினால் ஆள் மாறியிருக்கிறார்

இனிப் பாத்திர வளர்ச்சிக்கு வருவோம். கதையின் தொடக்கத்தில் ஒருவர் பாடும் பாட்டை எழுதுங்கள். நடுவில் அது நின்றுபோகச் செய்யுங்கள், அல்லது மாறச் செய்யுங்கள். முடிவில் அவர் என்ன பாடுகிறார், யாருக்காகப் பாடுகிறார் என்று எழுதுங்கள். இந்த மூன்று இடங்களையும் இணைக்கும் காரணங்களைத் தேடினால் கதை தானே அமையும். "அவன் திருந்திவிட்டான்" என்று எழுத வேண்டிய தேவையே இராது.

இங்கே இன்னோர் எச்சரிக்கையும் வேண்டும். சோகத்துக்குப் புல்லாங்குழல், வீரத்துக்கு முரசு, வில்லனுக்கு இடி முழக்கம் என்று பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டால், ராமு வேறு வேடத்தில் திரும்பி வந்துவிடுவான். உண்மையான மனிதர்களின் பாட்டும் நிலையும் பெரும்பாலும் பொருந்தி வருவதில்லை. கடன்காரர் வாசலில் நிற்கும்போது கொல்லைப்புறத்தில் சீட்டியடிப்பவர் உண்டு. கல்யாண வீட்டில் எல்லோரும் பாடும்போது வாய் திறக்காதவரும் உண்டு. பொருந்தாத அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் பயிற்சி.

இதற்கு என் பாடத்திலிருந்து ஓர் உதாரணம் சொல்லலாம். ஒரே அதிர்வெண்ணுக்குச் சுருதி கூட்டிய இரண்டு தந்திகளை அருகருகே வைத்து ஒன்றை மீட்டினால், தொடாத மற்றொன்றும் அதிரும். இதை ஒத்ததிர்வு என்கிறோம். பிள்ளைகளிடம் சொற்கள் இல்லாமல் இருக்கலாம். ஆனால் தந்தி உள்ளேதான் இருக்கிறது. நாம் மீட்ட வேண்டியது அதற்கு ஒத்த மற்றொரு தந்தியை. ராமுவின் பணப்பை அவர்களுக்குள் எதையும் அதிரச் செய்யவில்லை. அப்பத்தாவின் ஒப்பாரி செய்தது.

என் தங்கை எழுதிய பக்கம்

கடைசி நாள் என் தங்கை தன் கதையைக் கொடுத்தாள். பாத்திரத்தின் பெயர் முத்தையா. தென்னந்தோப்பில் மடை மாற்றும்போது பழைய பாட்டுகளைக் குரலெடுத்துப் பாடுவார். அவருடைய சிறு மகள் வரப்பில் உட்கார்ந்து கேட்பாள். பாத்தி நிறைந்தால் பாட்டு நிற்கும். அடுத்த மடை திறந்தால் அடுத்த பாட்டுத் தொடங்கும். பிறகு ஒருநாள் இரவு புயல் வருகிறது. காலையில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடக்கின்றன. அதன்பின் முத்தையா பூ கமிஷன் கடைக்கு மூட்டை தூக்கப் போகிறார். விடியற்காலை நாலு மணிக்கு வண்டி கிளம்பும் சத்தம் மட்டும் மகளுக்குக் கேட்கிறது, பாட்டுக் கேட்பதில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலை கரையேறிய கஜா புயல் எங்கள் பகுதித் தோப்புகளை என்ன செய்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். எங்களுக்கு முப்பது தென்னையும் நான்கு பலாவும் இருந்தன. மூன்று தென்னை மிஞ்சியது. எத்தனை மரம் விழுந்தது என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவேன். அன்றோடு தந்தையாரின் பாட்டும் நின்றுபோனதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. அப்போது ஏழு வயதாயிருந்த என் தங்கை எடுத்து வைத்திருந்திருக்கிறாள்.

கதையின் கடைசிப் பத்தி இது: முத்தையாவின் மூத்த மகனுக்குக் கல்லூரியில் இடம் கிடைக்கிறது. அன்றிரவு அவர் கிணற்றடியில் தனியே முகம் கழுவிக்கொண்டு ஒரு பாட்டின் முதல் அடியை மெல்லப் பாடுகிறார். மகள் வந்து நிற்பதைப் பார்த்ததும் நிறுத்திவிடுகிறார். "ஏம்ப்பா நிறுத்திட்ட?" என்று மகள் கேட்கவில்லை. தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறாள்.

படித்து முடித்ததும், "இது எப்போது நடந்தது?" என்று கேட்டேன். "நீ அப்ப ஊர்ல இல்லண்ணே. செராக்ஸ் எடுக்கப் போயிருந்த" என்றாள். அதற்குமேல் நான் ஒன்றும் திருத்தவில்லை. ஓர் எழுத்துப்பிழை இருந்தது. அதையும் மறுநாள்தான் சொன்னேன்.

நிறைவாக

நம் மாவட்டத்துக் குடுமியான்மலையில் பாறைமேல் வெட்டிய இசைக் கல்வெட்டு ஒன்று உள்ளது. ஏழாம் நூற்றாண்டினது என்று அறிஞர்கள் கருதும் அக்கல்வெட்டில் ஏழு பகுதிகளாகச் சுரக் கோவைகள் பொறிக்கப்பட்டுள்ளன. மாணாக்கர்களின் நன்மைக்காக இயற்றப்பட்டது என்ற குறிப்பும் அதில் காணப்படுகிறது. இசையைப் பிள்ளைகளின் பாடமாகக் கல்லில் எழுதி வைத்த மண்ணில், இசை வகுப்பு வேறு, தமிழ் வகுப்பு வேறு என்று நாம் ஏன் சுவர் எழுப்ப வேண்டும்? பள்ளித் தமிழ்ப் பாடநூலிலேயே 'மொழியை ஆள்வோம்' என்ற பகுதி இருக்கிறது. கதை எழுதும் பயிற்சி வரும்போது ஒரே ஒரு வகுப்பு வேளையைக் காது கொடுத்துக் கேட்பதற்கு ஒதுக்கினால் போதும். வாத்தியம் வாங்கச் செலவு இல்லை. பாடுகிறவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள். பாடுவதை நிறுத்தியவர்களும் இருக்கிறார்கள்.

இதனால் மதிப்பெண் கூடுமா என்று சிலர் கேட்கக்கூடும். ஐந்து பிள்ளைகளையும் ஒரு கோடையையும் வைத்து நான் பெரிதாக எதையும் சாதித்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை. ஐந்து ராமுக்கள் போய் ஐந்து மனிதர்கள் வந்தார்கள் என்பதை மட்டும் சொல்வேன். நம் கல்லூரியில் பயிலும் பலர் என்னைப் போலவே வீட்டின் முதல் பட்டதாரிகளாகப் போகிறவர்கள். நாளை ஆசிரியர்களாகத் தம் ஊர்ப் பள்ளிகளுக்குத் திரும்பப் போகிறவர்கள். அவர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் இந்தச் சிறு முயற்சியைப் பணிவோடு முன்வைக்கிறேன். அடுத்த விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது, யார் என்ன பாடுகிறார்கள் என்று ஒருநாள் கவனித்துப் பாருங்கள். நான் இப்போதெல்லாம் விடியற்காலை நாலு மணிக்கு விழித்துக்கொள்கிறேன்.